பி450 போர்டு அப்படியே இருக்கட்டும்: ரைசன் 5 1600-ஐ மட்டும் மாற்றுவது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது. 2019 கடைசியில் வாங்கிய சிஸ்டம்: ரைசன் 5 1600 பிராசசர், பி450எம் மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4-3000 ரேம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 500 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). விண்டோஸ் 11 ஏற மறுக்கிறது, கேம் நடுவில் திக்குகிறது, வீடியோ எக்ஸ்போர்ட் இழுத்துக்கொண்டே போகிறது. போர்டு, ரேம், பிராசசர் மூன்றையும் மாற்றியே ஆகவேண்டும் என்கிறார் கடைக்காரர். பிராசசரை மட்டும் மாற்றினால் போதாதா?

போதும். ரைசன் 5 5600 வாங்குங்கள். ரேம், எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி எதையும் தொட வேண்டாம். இருக்கிற விண்டோஸ் அப்படியே பூட் ஆகும். ஆனால் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. பழைய 1600 போர்டில் இருக்கும்போதே பயோஸை, அதாவது போர்டிலேயே பதிந்திருக்கும், சிஸ்டத்தை எழுப்பும் மென்பொருளை, அப்டேட் செய்து முடித்துவிட வேண்டும். அந்த வரிசை தவறினால்தான் "ஃபேன் சுற்றுது, லைட் எரியுது, டிஸ்ப்ளே வரல" என்ற நிலை வருகிறது. பிராசசரிலும் கோளாறு இருக்காது, போர்டிலும் இருக்காது. புதிய பிராசசரை எப்படி எழுப்புவது என்று பழைய பயோஸுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

"பி450-ல் 5000 வரிசை ஓடாது" என்று பழைய பதிவுகளிலும் வீடியோக்களிலும் இன்னும் கிடக்கிறது. அதற்கும் காரணம் உண்டு. ரைசன் 5000 வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2020 மே மாதத்தில், 400 வரிசை போர்டுகளுக்கு அந்த ஆதரவு கிடையாது என்றுதான் ஏஎம்டி முதலில் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதத்தில் முடிவை மாற்றிக்கொண்டது. 2021 தொடக்கத்திலிருந்து பி450, எக்ஸ்470 போர்டுகளுக்கு பயோஸ் வரத் தொடங்கியது. ஏ320, பி350, எக்ஸ்370 போர்டுகளுக்கு 2022-இல் வந்தது. ஆகவே 2020-இல் எழுதப்பட்ட எதையும் நம்பி முடிவெடுக்காதீர்கள். உங்கள் போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான சிபியு சப்போர்ட் பட்டியல் இருக்கும். எந்தப் பிராசசர், எந்த பயோஸ் பதிப்பிலிருந்து என்று வரிவரியாகப் போட்டிருப்பார்கள். கடைசி வார்த்தை அதுதான்.

வாங்குவதற்கு முன், குறை பிராசசரில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கேம் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டைக் கவனியுங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போதும். அது 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கார்டுதான் மூச்சு வாங்குகிறது. பிராசசரை மாற்றி அந்த கேமில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. 60, 70 என்று ஏறி இறங்கினால் கார்டு வேலைக்குக் காத்திருக்கிறது என்று பொருள். உறுதி செய்ய, ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்குங்கள். ஃப்ரேம் எண்ணிக்கை அசையவில்லை என்றால் தடை பிராசசரில் இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் பிராசசர் பயன்பாடு 50 சதவீதம்தானே காட்டுகிறது என்று ஏமாற வேண்டாம். பன்னிரண்டு த்ரெட்களில் ஒன்றோ இரண்டோ முழுக்க நிரம்பி, மற்றவை சும்மா இருந்தாலும் சராசரி அப்படித்தான் தெரியும். வேலரண்ட் மாதிரி கேம்கள் அந்த ஓரிரு த்ரெட்களின் வேகத்தில்தான் ஓடுகின்றன.

1600-க்கும் 5600-க்கும் கோர் கணக்கு ஒன்றே: 6 கோர், 12 த்ரெட். அதனால் "அதே ஆறு கோர்தானே" என்று தோன்றும். வித்தியாசம் உள்ளே இருக்கிறது. 1600-இல் ஆறு கோர்களும் மூன்று மூன்றாக இரண்டு கூட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் 8 எம்பி எல்3 கேஷ், அதாவது சில்லுக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம். ஒரு கூட்டத்தின் கோர், அடுத்த கூட்டத்தின் தரவைக் கேட்டால் சுற்றிப் போய்வர வேண்டும், தாமதம் கூடும். கேம் நடுவே வரும் திக்கலில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. 5600-இல் ஆறு கோரும் ஒரே கூட்டம், 32 எம்பி எல்3 அனைத்துக்கும் பொது. பூஸ்ட் வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.4-க்கு ஏறுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் முடியும் வேலையும் அதிகம். ஒற்றை கோர் வேகம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மின்சாரம் அதே 65 வாட் வகுப்பு. உங்கள் எஸ்எம்பிஎஸ் நல்ல தரமானதாக இருந்தால் அப்படியே போதும்.

வேறு தேர்வுகளையும் சொல்லிவிடுகிறேன். 5500 என்று ஒன்று விலை குறைவாகக் கிடைக்கும். அது உண்மையில் 5600ஜி-யின் சில்லு, கிராபிக்ஸ் அணைக்கப்பட்டது. எல்3 பாதிதான், 16 எம்பி. கேமுக்கு 5600-க்கும் அதற்கும் இடைவெளி கண்ணுக்குத் தெரியும். விலை வித்தியாசம் சிறியது என்றால் 5500 பக்கம் போகாதீர்கள். வீடியோ எடிட்டிங்தான் முக்கியம், நாள் முழுக்க ரெண்டர் ஓடும் என்றால் 5700எக்ஸ்: எட்டு கோர், அதுவும் 65 வாட், பெட்டியில் கூலர் வராது. கேமே உயிர் என்பவர்களுக்கு 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி இரண்டும் 96 எம்பி எல்3 கேஷுடன் இந்த சாக்கெட்டின் உச்சம். இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை கூட. 1660 சூப்பரோடு சேர்த்து அவற்றை வாங்குவது வீண். கார்டு அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது.

ஒரு எச்சரிக்கை, இது உங்களுக்கல்ல, 2200ஜி, 3200ஜி வைத்திருப்பவர்களுக்கு. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் போர்டின் எச்டிஎம்ஐயில் மானிட்டரை மாட்டி ஓட்டுபவர்கள் 5600 வாங்கினால் திரை கறுப்பாகவே இருக்கும். அதில் கிராபிக்ஸ் கிடையாது. அவர்கள் 5600ஜி அல்லது 5700ஜி-தான் வாங்க வேண்டும்.

போர்டின் மின்பகுதியையும் ஒரு பார்வை பாருங்கள். பிராசசர் சாக்கெட்டுக்கு இடப்பக்கம் வரிசையாகச் சிறு சதுரக் கறுப்புத் துண்டுகள் இருக்கும். அவற்றின் மேல் அலுமினியத் தகடு பதித்திருக்கிறதா? அதுதான் விஆர்எம் ஹீட்சிங்க். 5600, 5700எக்ஸ் இரண்டும் சாக்கெட்டிலிருந்து அதிகபட்சம் 76 வாட் இழுக்கும்படி வரம்பு வைக்கப்பட்டவை. மலிவான பி450எம் போர்டும், ஏன், தகடு இல்லாத ஏ320 போர்டும்கூட 5600-ஐத் தாங்கும். 5800எக்ஸ், 5900எக்ஸ் 142 வாட் வரை போகும். தகடில்லாத போர்டில் அவற்றைப் போட்டால் விஆர்எம் கொதித்து, போர்டு தானாகவே பிராசசரின் வேகத்தை வெட்டும். காசு கொடுத்து வாங்கிய வேகம் ரெண்டர் தொடங்கிய சில நிமிடங்களில் காணாமல் போகும்.

பழைய பிராசசர் விற்பவர்களிடம், சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ, வாங்குவதாக இருந்தால் இரண்டைப் பாருங்கள். முதலில் பின்கள். ஏஎம்4 (இந்த போர்டின் சாக்கெட் வகை) பிராசசரில் 1331 பின்கள் சில்லின் அடியிலேயே இருக்கின்றன. வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்து நான்கு பக்கத்திலிருந்தும் வரிசைகள் நேர்கோடாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஒன்று வளைந்திருந்தாலும் கோடு உடையும். இரண்டாவது வாரண்டி. பாக்ஸ் பிராசசருக்கு ஏஎம்டி தருவது மூன்று வருடம். ட்ரே பீஸ் என்று பெட்டியில்லாமல் விற்பதற்குக் கடைக்காரர் தரும் வாரண்டி மட்டும்தான். விலை வித்தியாசம் அதற்கேற்ப இருக்கிறதா என்று கணக்குப் போடுங்கள்.

இனி பயோஸ். இதில்தான் நிதானம் வேண்டும். விண்டோஸ் தேடலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தட்டித் திறந்தால் மூன்று தகவல் கிடைக்கும்: போர்டின் மாடல், இப்போதைய பயோஸ் பதிப்பும் தேதியும், பயோஸ் மோடு யுஇஎஃப்ஐயா லெகசியா (புதிய பூட் முறையா, பழையதா) என்பது. மூன்றையும் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாடல் பெயரோடு ரிவிஷன் எண்ணும் முக்கியம். ஒரே பெயரில் 1.0, 2.0 என்று வேறு வேறு போர்டுகள் உண்டு, பயோஸ் கோப்பும் வேறு. அந்த எண் போர்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும், கேபினெட்டைத் திறந்து டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும்.

தளத்திலிருந்து பயோஸ் எடுக்கும்போது பீட்டா என்று போட்டதைத் தவிர்த்து, நிலையான பதிப்புகளில் புதியதை எடுங்கள். விளக்கத்தில் ஏஜெசா என்ற பெயரும் எண்ணும் இருக்கும். ஏஎம்டி எல்லா போர்டு தயாரிப்பாளர்களுக்கும் தரும் அடிப்படைக் குறிமுறை அது. 1.2.0.7 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்கட்டும். அதற்கு முந்தையவற்றில் எஃப்டிபிஎம் (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) இயங்கும்போது அவ்வப்போது சிஸ்டம் ஓரிரு வினாடி உறைந்து ஒலியும் விக்கும் குறை இருந்தது, 2022-இல் சரிசெய்தார்கள்.

அதே பக்கத்தில் குறிப்புகளைக் கட்டாயம் படியுங்கள். சில போர்டுகளில் 2019 பயோஸிலிருந்து நேரே கடைசிப் பதிப்புக்குத் தாவ முடியாது. இடையில் ஒரு பதிப்பை ஏற்றிவிட்டுத்தான் அடுத்தது. கிகாபைட்டின் சில பி450 போர்டுகளில், குறிப்பிட்ட பதிப்புக்கு முன் இசி ஃபர்ம்வேர் டூல் ஒன்றை விண்டோஸில் ஓட்டச் சொல்வார்கள். பல பி450 போர்டுகளில் பயோஸ் சிப் 16 எம்பிதான். புதிய பிராசசர்களுக்கு இடம் பண்ண, பழைய ஏ-சீரிஸ் பிராசசர்களுக்கான ஆதரவை நீக்கியிருப்பார்கள், மெனுவின் அழகையும் குறைத்திருப்பார்கள். அப்டேட் முடிந்து பயோஸ் திரை வேறு மாதிரி எளிமையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

அப்டேட்டுக்கு முன் விண்டோஸில் ஒரு வேலை இருக்கிறது, பலர் விட்டுவிடுவது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். இருந்தால் தற்காலிகமாக சஸ்பெண்ட் செய்யுங்கள், 48 இலக்க ரிகவரி கீயை வேறு இடத்தில் எழுதி வையுங்கள். டிஸ்க்கைத் திறக்கும் சாவி பிராசசருக்குள் இயங்கும் எஃப்டிபிஎம்மோடு பிணைந்தது. பிராசசரை மாற்றினால் அந்தப் பிணைப்பு அறும். கீ கையில் இல்லையென்றால் புதிய பிராசசரில் டிஸ்க்கைத் திறக்க முடியாது. விண்டோஸ் பின் எண்ணும் வேலை செய்யாமல் போகலாம், மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டு நினைவிருக்கட்டும்.

பென் டிரைவை எஃப்ஏடி32-ஆக ஃபார்மேட் செய்து, பிரித்தெடுத்த பயோஸ் கோப்பை அதில் போடுங்கள். விண்டோஸுக்குள்ளிருந்து பயோஸ் அப்டேட் செய்யும் மென்பொருளைத் தொடாதீர்கள். நடுவில் விண்டோஸ் தொங்கினால் போர்டும் போகும். பயோஸ் மெனுவுக்குள் போய் எம்எஸ்ஐ என்றால் எம்-ஃப்ளாஷ், கிகாபைட்டில் கியூ-ஃப்ளாஷ், அசுஸில் ஈஇசட் ஃப்ளாஷ், ஏஎஸ்ராக்கில் இன்ஸ்டன்ட் ஃப்ளாஷ். நடக்கும் சில நிமிடங்களில் கரண்ட் போகக்கூடாது. யுபிஎஸ்ஸில் போட்டுச் செய்யுங்கள். யுபிஎஸ் இல்லையென்றால் மழை, இடி இல்லாத நாளில், உங்கள் பகுதியில் மின்தடை அறிவிப்பு இல்லாத நேரமாகப் பாருங்கள். நூறு சதவீதம் வந்து தானாக ரீஸ்டார்ட் ஆகும்வரை எந்த பட்டனையும் அழுத்தாதீர்கள்.

அப்டேட் ஆனதும் பழைய 1600-ஐ வைத்தே விண்டோஸுக்குள் போய், பயோஸ் பதிப்பு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் பூட் ஆகவில்லை என்றால், பயோஸ் எல்லா அமைப்புகளையும் தொடக்க நிலைக்குக் கொண்டுபோயிருக்கிறது. முன்பு லெகசி என்று காட்டியிருந்தால் பழைய பூட் முறையை அனுமதிக்கும் சிஎஸ்எம்-ஐ மறுபடி ஆன் செய்ய வேண்டும். ஒருநாள் சாதாரணமாக ஓட்டிவிட்டு, கோளாறு இல்லை என்று தெரிந்தபின் பிராசசரைத் தொடுங்கள். பயோஸையும் பிராசசரையும் ஒரே மூச்சில் மாற்றினால், பிரச்சினை வந்தால் எது காரணம் என்று பிரித்தறிய முடியாது.

பிராசசரைக் கழற்றும் கட்டத்தில் ஏஎம்4-இல் நிறைய பேருக்கு நடக்கும் விபத்து ஒன்று உண்டு. பல வருடம் ஆன பேஸ்ட் கெட்டியாகி, கூலரும் பிராசசரும் ஒட்டிக்கொண்டிருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால், சாக்கெட் லீவர் பூட்டியிருக்கும்போதே பிராசசர் பிய்ந்துகொண்டு கூலரோடு வந்துவிடும், பின்கள் வளையும். இதைத் தவிர்க்க, கழற்றுவதற்குச் சற்று முன் பத்து நிமிடம் சினிபெஞ்சோ (பிராசசர் வேகத்தை அளக்கும் மென்பொருள்) கேமோ ஓட்டி பிராசசரைச் சூடாக்குங்கள். ஷட்டவுன் செய்து, எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் கூலரை எடுங்கள். நான்கு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஃபேன் வயரையும் பிடுங்கிவிடுங்கள். பிறகு கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். பேஸ்ட் விட்டு, கூலர் தடையில்லாமல் சுழலத் தொடங்கியதும்தான் மேலே தூக்க வேண்டும். ஒட்டல் விடவே மாட்டேன் என்றால், பிராசசரின் விளிம்பில் மெல்லிய பல் இடுக்கு நூலை நுழைத்து அறுத்தெடுக்கலாம்.

ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் போர்டின் பின்னால் இருக்கும் உலோகத் தகடு கழன்று விழும். கேபினெட்டின் பின்பக்க மூடியையும் முன்கூட்டியே திறந்து, அந்தத் தகட்டை டேப் போட்டு ஒட்டிவிட்டால் மாட்டும்போது தேட வேண்டியதில்லை.

சாக்கெட் லீவரை வெளிப்பக்கம் லேசாக நகர்த்தி, செங்குத்தாக நிற்கும்வரை தூக்குங்கள். பழைய பிராசசரை ஓரங்களில் பிடித்து நேராக மேலே எடுங்கள். புதியதில் ஒரு மூலையில் தங்க நிற முக்கோணம் இருக்கும்; சாக்கெட்டிலும் அதே மூலையில் முக்கோணக் குறி. இரண்டையும் பொருத்தி வைத்தால் பிராசசர் தன் எடையிலேயே இறங்கி உட்காரும். உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள். எடுத்து, பின்களைப் பார்த்து, மறுபடி வையுங்கள். இடைவெளியில்லாமல் உட்கார்ந்தபின் மேலே ஒரு விரலை லேசாக வைத்துக்கொண்டு லீவரை இறக்குங்கள். பின் ஏதாவது வளைந்திருந்தால், லெட் எடுத்துவிட்ட 0.7 மிமீ மெக்கானிக்கல் பென்சிலின் முனைக்குள் அந்தப் பின்னை நுழைத்து, பக்கத்து வரிசைக்கு இணையாக மெல்ல நிமிர்த்தலாம். முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் ஒடிந்துவிடும், ஒரே திசையில் பொறுமையாக.

கூலர் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. 1600-ஓடு பெட்டியில் பொதுவாக வந்தது ரேத் ஸ்பயர். 5600-ஓடு வருவது அதைவிடக் குட்டையான ரேத் ஸ்டெல்த். பழைய ஸ்பயரே மேல். ஃபேன் சத்தமில்லாமல் சுற்றுகிறது என்றால் அதையே திரும்ப மாட்டுங்கள். இறக்கைகளில் அடைந்த தூசியைத் தட்டி, பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் பளிச்சென்று துடையுங்கள். மொபைல் ஸ்பேர்ஸ் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள். கை கழுவும் சானிடைசர் வேண்டாம், பசை தங்கிவிடும். புதிய பேஸ்ட் சிறிய பட்டாணி அளவு, நடுவில். பரப்ப வேண்டியதில்லை, கூலரின் அழுத்தமே பரப்பும். ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக இரண்டிரண்டு சுற்றாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் கூலர் சாய்ந்து பேஸ்ட் ஒருபக்கம் ஒதுங்கும், வெப்பம் எகிறும். ஃபேன் வயர் சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்தில்தான் போக வேண்டும். வேறு இடத்தில் மாட்டினால் பல போர்டுகள் ஃபேன் எரர் காட்டி நிற்கும்.

முதல் முறை ஆன் செய்ததும் திரை ஒரு நிமிடம், சில சமயம் இரண்டு மூன்று நிமிடம் கறுப்பாக இருக்கலாம். தானாக ஒருமுறை அணைந்து எழலாம். புதிய பிராசசரின் மெமரி கண்ட்ரோலர் ரேமோடு பழகும் நேரம் அது. பதறி சுவிட்சை அணைக்காதீர்கள். ஐந்து நிமிடமாகியும் ஒன்றும் வரவில்லை என்றால், மின்சாரத்தை முழுதாக நிறுத்தி, போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டு மாட்டுங்கள். அதற்கும் மசியவில்லையா, ஒரே ஒரு ரேமை மட்டும், சாக்கெட்டிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் வைத்துப் பாருங்கள். போர்டில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருந்தால் எது அணையாமல் நிற்கிறது என்பதே பாதி விடை. சிபியு விளக்கு நின்றால் பயோஸ் அல்லது பின் வளைவு, டிராம் நின்றால் ரேம் சரியாக உட்காரவில்லை அல்லது பின் வளைவு.

திரை வந்ததும் எஃப்டிபிஎம் மாறியிருக்கிறது, ஒய் அழுத்தினால் அழித்துப் புதிதாக அமைக்கும், என் அழுத்தினால் பழையதை வைத்துக்கொள்ளும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரலாம். பிட்லாக்கரை முன்பே சஸ்பெண்ட் செய்திருந்தால், அல்லது அது இல்லவே இல்லையென்றால், ஒய் அழுத்துங்கள். கீ எழுதி வைக்காதவர்கள் என் அழுத்திவிட்டு, பழைய பிராசசரைத் திரும்ப மாட்டி, கீயை எடுத்துவிட்டு வருவதுதான் பாதுகாப்பு.

பிறகு பயோஸுக்குள் போய் நான்கு விஷயம். ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் உங்கள் 3000 ரேம் 2133-இலோ 2400-இலோ ஓடும், ரைசனுக்கு அது பெரிய இழப்பு. போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால், இரண்டு ரேமும் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்கட்டும். ஆண்ட்ராய்டு எமுலேட்டரோ விர்ச்சுவல் மெஷினோ பயன்படுத்தினால் எஸ்விஎம்-ஐ ஆன் செய்யுங்கள், அப்டேட் அதை அணைத்திருக்கும். எஃப்டிபிஎம் ஆனில் இருக்கிறதா பாருங்கள். சிஎஸ்எம் ஆஃப், செக்யூர் பூட் ஆன். எஃப்டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் விண்டோஸ் 11 ஏற்றவும் வேண்டும், அதில் வேலரண்ட் ஓடவும் வேண்டும்; இல்லாவிட்டால் வேன் 9001 என்ற எரரோடு கேம் மூடிக்கொள்ளும். பயோஸ் மோடு லெகசி என்றிருந்தவர்கள் சிஎஸ்எம்-ஐ அணைக்கும் முன், விண்டோஸிலேயே வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்க்கை மாற்றிக்கொள்ள வேண்டும். முக்கியமான கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

விண்டோஸுக்குள் ஏஎம்டி தளத்திலிருந்து சிப்செட் டிரைவரைப் புதிதாகப் போடுங்கள். பவர் பிளான் பழைய ரைசன் பேலன்ஸ்டில் நின்றால் சாதாரண பேலன்ஸ்டுக்கு மாற்றுங்கள். ஆக்டிவேஷன் பொதுவாகப் போகாது, அது பெரும்பாலும் போர்டோடு கட்டப்பட்டது.

சூட்டைப் பற்றி நம் ஊருக்கென்று தனியாகச் சொல்ல வேண்டும். 5600-க்கு ஏஎம்டி வைத்த உச்ச வரம்பு 90 டிகிரி. ஏசி இல்லாத அறையில் மே மாதம் ரெண்டர் ஓட்டினால் பெட்டிக் கூலரில் 80-ஐத் தாண்டுவது இயல்பு. 90-ஐத் தொட்டால் எரிந்துபோகாது, வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் அந்த வேகத்துக்குத்தான் காசு கொடுத்திருக்கிறோம். பயோஸில் பிபிஓ பகுதியில் கர்வ் ஆப்டிமைசர் இருந்தால் எல்லாக் கோருக்கும் நெகட்டிவ் 15 கொடுத்துப் பாருங்கள். வோல்டேஜ் குறைந்து சூடு சில டிகிரி இறங்கும், வேகம் குறையாது, சில சமயம் கூடும். சும்மா இருக்கும்போது சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆனால் 10-க்குத் திரும்புங்கள். எல்லாச் சில்லும் ஒரே அளவு தாங்காது.

சரிபார்க்க, சினிபெஞ்ச் ஆர்23-ஐப் பத்து நிமிடச் சுற்றில் ஓட்டுங்கள். எல்லாக் கோருமாக 10,000-ஐத் தாண்டி வர வேண்டும். 8,000, 9,000 என்று நின்றால் சூடு, எக்ஸ்எம்பி, கூலர் சாய்வு என்ற வரிசையில் தேடுங்கள். இவென்ட் வியூவரில் வீயா-லாகர் என்ற பெயரில் பிழைகள் விழுகின்றனவா என்றும் ஒரு வாரம் கவனியுங்கள். விழுந்தால் முதலில் கர்வ் ஆப்டிமைசரை எடுத்துவிடுங்கள், பிறகு ரேம் வேகத்தை ஒருபடி இறக்குங்கள்.

இன்டெல் போர்டு வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சில வரி. அங்கே சாக்கெட் பெயர் ஏமாற்றும். எல்ஜிஏ1151-இல் 6, 7-ஆம் தலைமுறை போர்டில் 8, 9-ஆம் தலைமுறை ஓடாது. எல்ஜிஏ1200-இல் எச்410, பி460 சிப்செட்டுகள் 11-ஆம் தலைமுறையை ஏற்காது. எல்ஜிஏ1700-இல்தான் வசதி: 12-ஆம் தலைமுறை ஐ3 வாங்கியவர்கள் பயோஸ் அப்டேட்டோடு 13, 14-ஆம் தலைமுறை ஐ5-க்குப் போகலாம், டிடிஆர்4 ரேமை வைத்துக்கொண்டே. ஆனால் அந்த இரு தலைமுறைகளின் சில பிராசசர்களில் அதிக வோல்டேஜால் நாளடைவில் பழுதாகும் குறை இருந்தது, இன்டெல் 2024-இல் மைக்ரோகோட் திருத்தம் தந்தது. ஆகவே 2024 செப்டம்பருக்குப் பிந்தைய பயோஸை ஏற்றிய பிறகே பிராசசரை மாட்டுங்கள். இன்டெலில் பின்கள் சாக்கெட்டில் இருப்பதால், கழற்றிய நேரத்தில் அதற்குள் ஒரு தூசித் துணுக்குகூட விழக்கூடாது.

உங்கள் கடைக்காரர் சொல்வது எப்போது சரி என்றால், பத்துப் பன்னிரண்டு கோருக்கு மேல் வேண்டும், அல்லது போர்டில் ஏற்கெனவே யுஎஸ்பி போர்ட்கள் செத்துப்போகின்றன, கப்பாசிட்டர் புடைத்திருக்கிறது என்கிற நிலையில். 2025 கடைசியிலிருந்து டிடிஆர்5 ரேம் விலை ஏறியிருக்கும் இந்த நேரத்தில், நல்ல நிலையில் உள்ள பி450-ஐயும் 16 ஜிபி டிடிஆர்4-ஐயும் தூக்கி வைப்பதற்குக் காரணமே இல்லை. பழைய 1600-ஐ மட்டும் உடனே விற்றுவிடாதீர்கள். புதியது வந்த பிளாஸ்டிக் ஓட்டில் பின்கள் மேல் எதுவும் படாதபடி வைத்து, இரண்டு வாரம் அலமாரியில் இருக்கட்டும். இடையில் டிஸ்ப்ளே வராமல் போனால், கோளாறு போர்டிலா பிராசசரிலா என்று பார்க்க உங்களிடம் இருக்கும் ஒரே கருவி அதுதான்.